புதுக் குளத்தில் வெள்ளைப் படிவு: அமில வாளியைத் தூக்குவதற்கு முன்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு நீச்சல் குளம் கட்டினோம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீட்டர். கொள்ளளவு ஏறக்குறைய 42,000 லிட்டர். டைல்ஸ் ஒட்டாமல், வெள்ளை சிமெண்டும் மார்பிள் பொடியும் கலந்த வழவழப்பான பூச்சு கேட்டோம். மார்ச் மாதம் பூசினார்கள். மறுநாளே போர் தண்ணீரை விட்டு நிரப்பினோம். பன்னிரண்டாம் நாள் சுவரைத் தடவினால் வாட்டர் பேப்பரைத் தடவுவது போல இருந்தது. படிக்கட்டில் திட்டுத் திட்டாக வெள்ளை. பிள்ளைகளின் முழங்காலில் சிராய்ப்பு.

பக்கத்துத் தோப்புப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே சொன்னார்: "தம்பி, இந்தத் தண்ணீரில் துவரம்பருப்பே வேகாது. புதுப் பூச்சு எப்படித் தாங்கும்?" ஒப்பந்தக்காரர் அதைவிட அதிகம் பேசினார், அதில் பயன்பட்டது எதுவும் இல்லை. மூன்று மாதம் அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்திலும் இதே போர் தண்ணீர்தான் என்பதால் அங்கே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னும் குளத்தை நிரப்பாதவர்கள் முதல் நான்கு படிகளை மட்டும் படித்தால் போதும். ஏற்கெனவே படிந்துவிட்டதென்றால் ஐந்தாவதில் தொடங்குங்கள்.

ஏன் படிகிறது என்பதை மட்டும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்தால் மறுநாள் காலை மேலே மெல்லிய ஆடை கட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். குளத்தில் நடப்பதும் அதுதான். சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. புதுப் பூச்சிலிருந்து அது வாரக்கணக்கில் தண்ணீரில் கசிந்து, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவை ஏற்றிக்கொண்டே இருக்கும். நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட். அதுதான் அந்த வெள்ளை. ஆகவே பூச்சும் தண்ணீரும் சேர்ந்து செய்கிற வேலை இது. ஒன்றை மட்டும் குறை சொன்னால் தீர்வு கிடைக்காது.

1. பூசுவதற்கு ஒரு மாதம் முன்பே தண்ணீரைச் சோதியுங்கள்

தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் இருக்கின்றன. கேரளப் பக்கம் நீர் ஆணையத்தின் தர ஆய்வகங்கள். தனியார் ஆய்வகமும் பரவாயில்லை. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டருக்குக் குறையாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் அளவுகள் மாறும். கேனில் தேதி, இடம், ஆழ்துளைக் கிணறா திறந்த கிணறா என்று எழுதி ஒட்டுங்கள். விண்ணப்பத்துக்கு முகவரிச் சான்றின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். எனக்கு முடிவு வர ஐந்து வேலை நாள் ஆனது.

கேட்டு வாங்க வேண்டிய அளவுகள்: பிஎச், மொத்தக் காரத்தன்மை (பெரும்பாலும் மேலே சொன்ன பைகார்பனேட்தான்), மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மொத்தக் கரைதிடம் (டிடிஎஸ்), சல்பேட், இரும்பு.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. நான் இரண்டிலும் விழுந்தேன்.

முதலாவது, அறிக்கையின் அடியில் "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது" என்று இருந்ததைப் பார்த்து நிம்மதியாகிவிட்டேன். அது குடிநீருக்கான தீர்ப்பு. ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி மொத்தக் கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை அனுமதி. காரத்தன்மைக்கும் அதே 200, அதே 600. காரத்தன்மை 300 உள்ள தண்ணீரைக் குடிக்கலாம். புதுப் பூச்சுக் குளத்தில் அப்படியே ஊற்றிவிட்டு விட்டால் படியும்.

இரண்டாவது, அறிக்கையில் "கால்சியம் 160" என்று இருந்தால் குளக் கணக்குக்கு அது 160 கிடையாது. குளத்துக்கான அட்டவணைகள் எல்லாம் கால்சியம் கார்பனேட் அளவில் இருக்கும். எனவே 2.5-ஆல் பெருக்க வேண்டும். 160 என்பது 400 ஆகிவிடும். மொத்தக் கடினத்தன்மையை எடுத்துப் போட்டாலும் தவறு, அதில் மக்னீசியமும் கலந்திருக்கிறது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது. அதை வைத்துக்கொண்டு "உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர்தான்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2. ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியவை

எங்கள் ஒப்பந்தம் ஒரு பக்கம். குழி, கம்பி, கான்கிரீட், பூச்சு, மோட்டார், தொகை, அவ்வளவுதான். நிரப்பிய பிறகு முதல் மாதம் தண்ணீரை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரி இல்லை. சண்டை முழுவதும் அந்த இல்லாத வரியில்தான் நடந்தது. நீங்கள் இதையெல்லாம் எழுதி வாங்குங்கள்: நிரப்பும் தண்ணீரின் சோதனை அறிக்கையை ஒப்பந்தக்காரர் பார்த்துக் கையெழுத்திட்டார் என்பது, முதல் 28 நாள் தேய்ப்பு, சோதனை, அமில அளவு ஆகியவை யார் பொறுப்பு என்பது, பூச்சு விடுதலும் வெடிப்பும் எத்தனை மாதத்துக்கு அவர் செலவில் சரிசெய்யப்படும் என்பது, மொத்தத் தொகையில் பத்து சதவீதம் நிரப்பிய 45-ஆம் நாள்தான் தரப்படும் என்பது. கடைசியாகச் சொன்னதற்கு முகம் சுளிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் முழுவதும் கைக்குப் போன பிறகு தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது.

பூச்சுக் கலவையின் சிமெண்ட் மூட்டைத் தேதி, மார்பிள் பொடி பில், வேலை நடந்த நாளின் படங்கள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

3. நிரப்பும் நாள்

பூச்சு முடிந்தது முதல் தண்ணீர் ஏறும்வரை சுவர் காயக்கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வெயிலும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் முடி போன்ற வெடிப்புகள் விழும். நனைத்துக்கொண்டே இருந்து, மறுநாளுக்குள் நிரப்பத் தொடங்குங்கள்.

தொடங்கினால் நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால் அந்த மட்டத்தில் வளையம் போலக் கறை விழும், பிறகு போகாது. ஆகவே முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 42,000 லிட்டருக்கு ஆறாயிரம் லிட்டர் லாரி ஏழு நடை. உங்கள் போர் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தருகிறது, எத்தனை மணி நேரத்தில் வற்றுகிறது என்று முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள். விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பில் மோட்டாரை ஓட்டிக் குளத்தை நிரப்பாதீர்கள். அது விதிமீறல், யாராவது எழுதிப்போட்டால் அபராதம் வரும். வாய்க்கால் தண்ணீரை இழுப்பதும் அப்படித்தான்.

குழாயின் முனை ஆழமான இடத்தில், தரையைத் தொட்டபடி இருக்கட்டும். உயரத்திலிருந்து விழும் தண்ணீர் பச்சைப் பூச்சைத் தோண்டிவிடும். முனையில் துணி சுற்றிக் கட்டுங்கள். சாக்கு வேண்டாம், சாயம் இறங்கும். பழைய வெள்ளை வேட்டி போதும். லாரிக் குழாயைத் திறக்கும் ஆள் அவசரக்காரராக இருப்பார், பக்கத்தில் நின்று மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். நிரம்பும் வரை உள்ளே ஒருவரும் கால் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டு நாய் வைத்துவிட்டது. இரண்டு தடங்கள் இன்னும் இருக்கின்றன.

எந்தத் தண்ணீர்? போர் தண்ணீரின் காரத்தன்மை 200-க்கு மேல் என்றால் பாதியாவது மென்மையான தண்ணீர் கலக்கப் பாருங்கள். ஆனால் மழைநீரை மட்டுமோ ஆர்ஓ தண்ணீரை மட்டுமோ ஊற்றிவிடாதீர்கள். கால்சியம் இல்லாத தண்ணீர் பசியோடு இருக்கும். பூச்சிலிருந்தே சுண்ணாம்பைத் தின்னும். சுவர் குழி குழியாகிவிடும். படிவைவிட அது மோசம், ஏனென்றால் படிவை எடுக்கலாம்; தின்றதைத் திருப்பி வைக்க முடியாது.

4. முதல் 28 நாள்

குளம் நிரம்பியதும் வடிகட்டியைப் போட்டு முதல் மூன்று நாள் இரவு பகலாக ஓடவிடுங்கள். காலையும் மாலையும் நைலான் தூரிகையால் முழுச் சுவரையும் தரையையும் தேயுங்கள், குறைந்தது பதினான்கு நாள். ஆழமில்லாத பக்கத்திலிருந்து ஆழத்தை நோக்கித் தள்ள வேண்டும். தண்ணீர் பால் போலக் கலங்கும். அது நல்லது. தூசியாக இருக்கும்போது வடிகட்டி பிடித்துவிடும். விட்டுவைத்தால் அதே தூசி கல்லாகிவிடும். எஃகுக் கம்பித் தூரிகை கூடாது, முறிந்த கம்பி பூச்சில் குத்தித் துருக்கறை ஆகும். வடிகட்டியின் அழுத்தம் சுத்தமாக இருந்த நிலையைவிட அரை பார் ஏறியதும் பின்னோட்டம் விட்டுக் கழுவுங்கள். இந்த வாரங்களில் அடிக்கடி ஏறும்.

பிஎச் அளவைத் தினமும் பாருங்கள். 7.2 முதல் 7.6 வரை நிறுத்த வேண்டும். புதுப் பூச்சு அதை 8-க்கு மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் விட்டு இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும் (எந்த அமிலம், எப்படி விடுவது என்பதை ஏழாவது படியில் பாருங்கள்). கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற வேலைதான் இது. இரண்டு நாள் சேர்த்து ஒரே வேளையில் கொடுக்க முடியாது.

செய்யக் கூடாதவற்றில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து ஒரு வாளி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். பிளீச்சிங் பவுடரே கால்சியம் சேர்ந்த பொருள்; அதில் சுண்ணாம்பும் இருக்கிறது. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதை. இந்த மாதம் முழுவதும் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் போதும், அதுவும் முதல் இரண்டு மூன்று நாள் கழித்து. டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரைகளைத் தரையில் போடாதீர்கள். அது கிடந்த இடம் வெளுத்து அரிக்கும். கலங்கலைத் தெளியவைக்கப் படிகாரம் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது சல்பேட்டை ஏற்றும், சல்பேட் படிவு வந்தால் அதை எடுப்பது இன்னும் கடினம். உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் 28 நாள் முடியும்வரை உப்புப் போடக் கூடாது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: சுவரிலிருந்து அழகுக்காகத் தண்ணீர் கொட்டும் அருவிக் குழாயை இந்த மாதம் நிறுத்திவையுங்கள். தண்ணீர் காற்றில் சிதறும்போது கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி, பிஎச் ஏறிவிடும். எங்கள் குளத்தில் படிவு முதலில் கெட்டியானது அந்த அருவியின் கீழேதான்.

5. படிந்துவிட்டதா? எது என்று முதலில் பாருங்கள்

மூன்று சோதனைகள். அரை மணி நேரத்தில் முடியும்.

600 எண் வாட்டர் பேப்பரை நனைத்து, கண்ணில் படாத ஓரத்தில் உள்ளங்கை அளவு தேயுங்கள். வெள்ளை போய் வழவழப்பான பழைய நிறம் வந்தால் மேலே படிந்த படிவு. எவ்வளவு தேய்த்தாலும் மாறாமல் சொரசொரப்பாகவே இருந்தால் பூச்சே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

அடுத்து, ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்துப் பீங்கான் தட்டில் வைத்து ஒரு சொட்டு அமிலம் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட். கீழே சொல்லும் முறையில் கரையும். நுரைக்காவிட்டால் சல்பேட்டோ சிலிகேட்டோ. அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இதைச் சுவரிலேயே செய்யாதீர்கள். பூச்சில் மார்பிள் பொடி இருப்பதால் நல்ல பூச்சும் நுரைக்கும், ஏமாந்துபோவீர்கள்.

கடைசியாக, வடிவத்தைப் பாருங்கள். குளம் முழுவதும் ஒரே சீராக இருந்தால் தண்ணீரின் வேலை. அங்கங்கே பரு போலக் கட்டி கட்டியாக, அல்லது ஒரு வெடிப்பின் கோட்டில் வரிசையாக இருந்தால், பூச்சு அடிப்பரப்போடு ஒட்டாத இடத்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து வந்து இறுகியிருக்கிறது. மரக் கைப்பிடியால் தட்டிப்பாருங்கள், பொள்ளலான சத்தம் வரும். இது பூசியவர்களின் குறை. தேய்த்து எடுத்தாலும் சில வாரத்தில் மறுபடி முளைக்கும். உடனே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

எங்களுடையது பெரும்பாலும் சீரான படிவு. படிக்கட்டில் மட்டும் நான்கு பருக்கள்.

6. கணக்கு

பயப்பட வேண்டாம், கூட்டலும் கழித்தலும்தான். தண்ணீர் படியவைக்குமா அரிக்குமா என்று சொல்லும் இதை லாங்கிலியர் குறியீடு என்பார்கள். பிஎச் அளவோடு மூன்று எண்களைக் கூட்டி 12.1-ஐக் கழிக்க வேண்டும். கரைதிடம் 1,000-க்கு மேல் என்றால் 12.2.

தண்ணீரின் வெப்பம்: 24 டிகிரிக்கு 0.6, 29 டிகிரிக்கு 0.7, 34 டிகிரிக்கு 0.8.

கால்சியம் கடினத்தன்மை: 100-க்கு 1.6, 200-க்கு 1.9, 300-க்கு 2.1, 400-க்கு 2.2; 800-க்கு 2.5.

காரத்தன்மை: 50-க்கு 1.7, 75-க்கு 1.9, 100-க்கு 2.0, 150-க்கு 2.2, 200-க்கு 2.3, 300-க்கு 2.5.

விடை பூஜ்யத்தை ஒட்டி, 0.3 கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு மேல் போனால் படியும், கீழே போனால் அரிக்கும். எங்கள் குளம் பன்னிரண்டாம் நாள்: பிஎச் 8.3, வெப்பம் 29, கால்சியம் 400, காரத்தன்மை 300. கூட்டினால் 13.7, கழித்தால் 1.6. படியாமல் என்ன செய்யும்!

அளவெடுக்கத் துளித் துளியாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சோதனைப் பெட்டி வாங்குங்கள். வண்ணப் பட்டைத் தாள்களில் கடினத்தன்மையை நம்ப முடியாது. டிரைகுளோர் பயன்படுத்துகிறவர்கள் அதிலிருந்து தண்ணீரில் சேரும் சயனூரிக் அமில அளவில் மூன்றில் ஒரு பங்கைக் காரத்தன்மையிலிருந்து கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும்.

7. மெதுவாகக் கரைத்தல்

முதலில் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினேன். 14,000 லிட்டர். ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீர் மூன்று லாரி வரவழைத்தேன், மிச்சம் வீட்டுத் தொட்டிக்குப் போனது. லாரிக்காரர் "நல்ல தண்ணீர்" என்று சொன்னாலும் ஒரு குவளையில் பிடித்துச் சோப்பு நுரைக்கிறதா என்று பாருங்கள், பிறகு சோதனைப் பெட்டியில் பாருங்கள். முதல் லாரி எங்கள் போரைவிட உப்பாக இருந்தது, திருப்பி அனுப்பினேன். மாற்றிய பிறகு கால்சியம் 290, காரத்தன்மை 220.

முழுக் குளத்தையும் காலி செய்யாதீர்கள். வெயிலில் காலிப் பூச்சு வெடிக்கும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்திருந்தால் காலிக் குளத்தின் தரையைக் கீழிருந்து தூக்கியே விடும்.

அடுத்தது அமிலம். கடையில் கிடைப்பது 30 முதல் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆயிரம் லிட்டர் தண்ணீரில் காரத்தன்மையை 10 குறைக்க ஏறத்தாழ 20 மில்லி தேவை. எங்கள் குளத்துக்கு அது 840 மில்லி. 220-லிருந்து 60-க்கு இறக்கப் பதின்மூன்றரை லிட்டர். காலை அரை லிட்டர், மாலை அரை லிட்டர் என்று இரண்டு வாரம் ஆயிற்று. பிஎச் 7.2-க்குக் கீழே போனால் அன்று விடக் கூடாது, மறுநாள் பார்க்க வேண்டும்.

விடும் முறை: வாளியில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து, அதில் அமிலத்தை மெல்ல ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது, தெறிக்கும். மோட்டார் ஓடும்போது ஆழமான பகுதியில் சுற்றி நடந்தபடி ஊற்றுங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாமல் கேனைத் தொடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் இருந்த வாளியை இதற்கு எடுத்தால் நச்சு வாயு கிளம்பும். ஹைப்போகுளோரைட்டும் அப்படித்தான். அமிலத்தையும் இந்தக் குளோரின் பொருட்களையும் ஒரே அறையில் வைக்காதீர்கள்.

அமிலம் வாங்க அடையாள அட்டை தேவை. 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து, கடைக்காரர் முகவரியுள்ள புகைப்பட அடையாளத்தைப் பார்த்து, எதற்கு, எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். ஆதார் நகலோடு போங்கள், பில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு வார முடிவில் பிஎச் 7.2, கால்சியம் 300, காரத்தன்மை 60. குறியீடு மைனஸ் 0.3. இந்த இடத்தில் ஆறு வாரம் நிறுத்தினேன். தினமும் ஒரு முறை தேய்ப்பு. படிவு கரையும்போது அதே கால்சியமும் காரத்தன்மையும் தண்ணீருக்குத் திரும்பி வரும், ஆகவே வாரம் ஒரு லிட்டருக்குக் குறையாமல் அமிலம் தேவைப்பட்டது. முதல் பத்து நாள் ஒன்றுமே மாறாதது போல இருக்கும். மூன்றாம் வாரம் சுவர் கையில் தெரியும், ஐந்தாம் வாரம் கண்ணில் தெரியும். அவசரப்பட்டு மைனஸ் 0.5-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்.

கால்சியத்தைப் படியவிடாமல் தண்ணீரிலேயே பிடித்துவைக்கும் திரவங்கள் கடையில் உண்டு. அவை புதிதாகப் படிவதைத் தடுக்கும், கெட்டியானதை எடுக்காது. குளோரின் அவற்றைச் சிதைப்பதால் அடிக்கடி ஊற்றவும் வேண்டும். நான் ஒரு கேன் வாங்கினேன், இரண்டாவது வாங்கவில்லை. குழாயில் காந்தம் மாட்டச் சொல்லி ஒருவர் வந்தார். அவருக்குக் காபி மட்டும் கொடுத்தேன்.

8. "அமிலம் போட்டுக் கழுவிவிடலாம்" என்று சொன்னால்

மறுத்துவிடுங்கள். காலி செய்த குளத்தில் அமிலம் ஊற்றித் தேய்த்தால் ஒரே நாளில் வெள்ளை போகும். கூடவே பூச்சின் மேல்தோலான வழவழப்பும் போகும். சொரசொரப்பான அந்தப் பரப்பில் அடுத்த படிவும் பாசியும் இன்னும் எளிதாகப் பிடிக்கும். எங்கள் குளத்தில் ஒப்பந்தக்காரரின் ஆள் "மாதிரிக்கு" என்று மேல்படியில் ஒரு சதுர மீட்டர் கழுவிக் காட்டினார். அன்று பளிச்சென்று இருந்தது. கார்பனேட் அல்லாத கெட்டிப் படிவு என்றால், காலி செய்து வைரத் தகடு பதித்த ஈரத் தேய்ப்பு இயந்திரத்தால் மெல்ல எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் பூச்சு ஒரு மாதமாவது முதிர்ந்த பிறகு, வெயில் தணிந்த நாளில், ஓரிரு நாளில் மறுபடி நிரப்பிவிடும் ஏற்பாட்டோடு.

9. எவ்வளவு ஆயிற்று

என் கைக்கணக்கு, உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் ஆகலாம். சோதனைப் பெட்டி 2,400 ரூபாய். மூன்று லாரி தண்ணீர் 3,300. அமிலம் ஐந்து லிட்டர் கேன் நான்கு, 900. தூரிகையும் கழியும் 1,450. ஆய்வகக் கட்டணம் இரண்டு முறை சேர்த்து 1,600. பயன்படாத திரவம் 1,800. மொத்தம் 11,450. அமிலக் கழுவலுக்கு ஒப்பந்தக்காரர் கேட்டது 38,000. நாள் கணக்கில் பார்த்தால் ஆய்வகத்துக்கு ஒரு வாரம், இறக்க இரண்டு வாரம், கரைய ஆறு வாரம்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் பூச்சு வேலையை டிசம்பர், ஜனவரிக்கு வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து கிணறுகள் நிறைந்திருக்கும், தண்ணீர் சூடு குறைவு, வெயிலும் கடுமையாக இருக்காது. நாங்கள் மார்ச்சில் பூசியது பள்ளி விடுமுறையை நினைத்து. விடுமுறை முழுவதும் பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து நான் தேய்ப்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

10. ஒப்பந்தக்காரர் கைவிட்டால்

முதலில் ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம், பதினைந்து நாள் கெடு. படங்கள், சோதனை அறிக்கைகள், தினக் குறிப்பேட்டின் நகல் இணைப்பு. குறிப்பேட்டில் தேதி, பிஎச், காரத்தன்மை, விட்ட அமிலம், தேய்த்தது என்று ஒரு வரி போதும். "நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்ற வாதத்தை அது ஒன்றுதான் அடைக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எல்லையில் இருப்பவர்களுக்கு முக்கியமான விஷயம்: 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், ஒப்பந்தக்காரரின் அலுவலகம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. குளத்தை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்களிடம் "இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்ற ஆட்சேபம் எழும். ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்களுக்கு அந்தத் தூரம் போகவில்லை. கடிதம் போன பன்னிரண்டாம் நாள் வேறு மேஸ்திரி ஒருவரை அனுப்பினார்கள். அவர் நான்கு பருக்களையும் தட்டிப் பார்த்து, வெட்டி, அடைத்தார். வேலை சுத்தம்.

11. காற்று மாதங்கள்

படிவு போனதும் குறியீட்டைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டேன். ஆனால் ஜூனில் கணவாய்க் காற்று தொடங்கியதும் வேறு கணக்கு ஆரம்பித்தது. தினம் 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 சதுர மீட்டர் பரப்புக்கு அது 160 லிட்டர், மாதத்துக்கு 4,800. ஆவியாவது தண்ணீர் மட்டும். கால்சியம் குளத்திலேயே நிற்கும். அதை ஈடுகட்ட 400 கால்சியம் கடினத்தன்மையுள்ள போர் தண்ணீரை ஊற்றினால் குளத்தின் கால்சியம் மாதத்துக்கு 45 வரை ஏறும். ஐந்து மாதத்தில் பழைய கதைதான்.

அதனால் கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து, குறைவதற்கெல்லாம் அதையே ஊற்றுகிறேன். முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டுவிட வேண்டும். கால்சியம் 250-க்குக் கீழே இறங்கினால் ஒரு நாள் போர் தண்ணீர். மாதம் ஒரு முறை ஆறாவது படியின் கூட்டல் கழித்தல். நான்கு கேன் அமிலத்தில் கடைசிக் கேனின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். சுவர் எல்லா இடத்திலும் வழவழப்பாகிவிட்டது, மாதிரிக்குக் கழுவிய அந்த மேல்படியைத் தவிர. அங்கே மட்டும் வாரம் இரண்டு முறை பாசி தேய்க்கிறேன்.